பிறிஜெற் அக்கா நேராக்காத பற்கள்

பிறிஜெற் அக்காவை நான் முதலில் கண்டது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிப்படியில். நேர்முகத்துக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் எட்டு மணிக்கே வந்துவிட்டேன். காலி வீதிக் கடையொன்றில் மரக்கறிப் பற்றீஸ் இரண்டு வாங்கிக்கொண்டு, கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவர்கள் சொன்ன பிளாட்டைத் தேடிப்பிடித்து, இரண்டாம் மாடிப் படியில் குந்தியிருந்து சாப்பிட்டேன். மடியில் சான்றிதழ்க் கோப்பு இருந்தது. கீழேயிருந்து ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தார். நாற்பது வயது மதிக்கலாம். கையில் குடை, தோளில் பை. வழிவிட எழும்பினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார்.

“வலப்பக்கம் கீழ்ப் பல்லு எத்தன நாளா வலிக்குது?” என்று கேட்டார்.

வலி இருந்தது உண்மை. மூன்று வாரமாக இடப்பக்கத்தால்தான் மென்று வந்தேன். ஆனாலும் வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியுமாக வேலை கேட்டு வந்தவனிடம் முன்பின் தெரியாத ஒருவர் கேட்கிற முதல் கேள்வியா அது? “வலியொண்டும் இல்லை” என்று சொன்னேன்.

“இல்லாட்டி நல்லது தானே,” என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அரை மணித்தியாலம் கழித்து மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன். திறந்தவர் அவரேதான். உள்ளே திரும்பி, “கார்த்திகன், பல்லு வலிக்காத தம்பி வந்திருக்காரு,” என்றார்.

அந்த மூன்றறைப் பிளாட்தான் காரியாலயம். ஏழு பேர் இருந்து வேலை செய்தார்கள். முதலாளி கார்த்திகன் அண்ணை வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் மட்டும் யாழ்ப்பாணம் இருக்கும். அங்கே செய்தது கணினி விளையாட்டுக்கான உருவங்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று டைனோசர் பூங்கா விளையாட்டு ஒன்றை நடத்தியது. விளையாடுகிறவர் ஒரு தீவில் வேலி போட்டு, குளம் வெட்டி, டைனோசர் வளர்த்து, பார்வையாளர்களை வரவழைக்க வேண்டும். அந்த விலங்குகளில் சிலவற்றை உருவாக்கிக் கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. பிறிஜெற் அக்கா கணினித் திரையில் மா பிசைவதுபோல் பிசைந்து உடம்பைச் செய்வார். கொலன்னாவையிலிருந்து வரும் றொஹான் அதை நடக்கவும் கடிக்கவும் வைப்பார். செய்த உடம்பு ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு பொருந்துகிறதா என்று பார்த்து ஒப்பமிட விலங்கியல் பட்டதாரி ஒருவர் தேவைப்பட்டார். என்னை எடுத்தது அதற்கு.

எங்கள் ஊர் மல்லாவிக்கு அங்கால். எங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, எங்கள் வீதியிலேயே பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அப்பா உழவு இயந்திரம் ஓட்டிப் படிப்பித்தவர். பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்ததாகத் தொங்குகிறது. ஆனால் நாலு வருடப் படிப்பில் டைனோசருக்கு ஒதுக்கியது இரண்டு விரிவுரை. அதில் ஒன்றுக்கு நான் போகவில்லை. நேர்முகத்தில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேலை ஆறு மாதத் தவணைக்கு. பிறகுதான் நிரந்தரம். கார்த்திகன் அண்ணை முதல் நாளே ஒளிக்காமல் சொன்னார். அந்த நிறுவனம் அதிகம் பேர் அறியாத ஐந்து டைனோசர்களைக் கேட்டிருக்கிறது. எவை என்று நாங்கள்தான் தேர்ந்து சொல்ல வேண்டும், பிறகு செய்தும் கொடுக்க வேண்டும். ஐந்தையும் ஏற்றுக்கொண்டால் அடுத்த இரண்டு வருட வேலை எங்களுக்கு, நான் நிரந்தரம். ஒன்று பிழையானாலும் முழு வேலையும் வேறு நாட்டுக்குப் போகும். அப்படிப் போனால் விலங்கியல் படித்த ஒருவருக்கு அங்கே மேசை இராது. கொழும்பில் எனக்கு வேலை கிடைத்ததை அம்மா ஊரில் யார் யாருக்குச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். சொல்லாதவர்கள் என்று யாரும் இருக்கமாட்டார்கள்.

முதல் பட்டியலை ஒரு கிழமையில் தயாரித்தேன். பெரிய கொம்பு, பெரிய நகம், முதுகில் பாய்மரம் போன்ற செட்டை. விளையாட்டு ரசிகர்கள் இணையத்தில் கேட்டவற்றைப் பொறுக்கிச் சேர்த்ததுதான். நிறுவனத்திலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. இந்தப் பெயர்களை ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும், வேறு தாருங்கள்.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தபோது நான் பிரிக்கவில்லை. பிறிஜெற் அக்கா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். தன் சோற்றைக் குழைத்துக்கொண்டே, “எல்லாத்துக்கும் முதுகையும் காலையும்தானே பாத்திருக்கீங்க, டொக்டர். வாயக் காட்டுங்க. வாயப் பாத்தாத்தான் ஆள் யாருன்னு தெரியும்,” என்றார்.

டொக்டர் என்றது கேலிக்கு. பட்டப் படிப்பைப் பற்றி நான் அடிக்கடி சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் வாயைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. பிறிஜெற் அக்கா பிறந்ததும் வாழ்வதும் கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தவரைப் பத்தொன்பது வயதில் ஒரு சிநேகிதி ஜாபிர் நானாவின் பட்டறைக்குக் கூட்டிப்போனார். கொழும்பிலுள்ள பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் இடம் அது. பல் போனவரின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். பட்டறையில் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, அதன்மேல் மெழுகில் முரசு, அதாவது ஈறு, செய்து, பல்லைப் பல்லாக அடுக்கிப் பல்செற் கட்ட வேண்டும். பதினேழு வருடம் அந்த வேலை. கடைசி ஐந்து வருடத்தில் அங்கேயும் கணினி வந்தது. மெழுகுக்குப் பதில் திரையில் பல் செய்யப் பழகினார். செற் செய்யும் திராவகம் பட்டுப் பட்டு விரல்தோல் உரிந்துபோயிருந்ததால், கணினி வந்தது ஆண்டவர் செய்த வேலை என்று சொல்வார். பிறகு ஜாபிர் நானா பட்டறையைக் கைமாற்றிவிட்டு மகளோடு இருக்க டோஹாவுக்குப் போனார். கார்த்திகன் அண்ணையின் விளம்பரத்தைப் பார்த்து அக்கா இங்கே வந்தார். “பல்லு செய்யத் தெரியும், மத்தத பழகிக்கலாம்,” என்று நேர்முகத்தில் சொன்னாராம். கார்த்திகன் அண்ணை அதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே நான் வாய்களைத் தேடினேன். பட்டியல் மூன்று நாளில் மாறியது. அதை நான் தேடினேன், அவர் தெரிவுசெய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலாவது நைஜர்சோரஸ். சகாராவில் கண்டெடுத்தது. வாய் வீடு கூட்டும் தும்புத்தடிபோல் முன்னால் நேராக அகன்றிருக்கும். விளிம்பில் சிறு பற்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் வரிசையில் காத்திருக்கும் மாற்றுப் பற்கள், எல்லாமாக ஐந்நூறுக்கு மேல். பதினான்கு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு பல்லும் மாறும் என்று வாசித்துக் காட்டினேன். அக்கா விரலால் எண்ணிப் பார்த்தார். “இதுக்கு மட்டும் ஜாபிர் நானா கடைய வச்சிருந்தா ஒரு வருஷத்துல மூடியிருப்பாரு,” என்றார்.

இரண்டாவது ஹெற்றறோடொன்டோசோரஸ். தென்னாபிரிக்காவைச் சேர்ந்தது, நாயளவு உடம்பு. பெரும்பாலான டைனோசர்களுக்கு வாய் முழுக்க ஒரே மாதிரிப் பல். இதற்கு முன்பல், வேட்டைப்பல், அரைக்கும் பல் என்று மூன்று வகை. எங்களைப் போலவே. மூன்றாவது லிமுசோரஸ். சீனாவில் கிடைத்தது. குட்டியாக இருக்கும்போது பல் இருக்கும், வளர வளர எல்லாம் விழுந்து, பெரிய மிருகத்துக்கு வெறும் சொண்டுதான். பல்லில்லாமல் வாழ்ந்து முடித்த ஒரு பிராணியை அக்காவுக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. செற் கேட்டு அலையாத வாடிக்கையாளர் என்றார்.

நாலாவது, பக்கத்து இந்தியாவின் பாரபாசோரஸ். வீடளவு உடம்பு, எலும்புகள் நிறையக் கிடைத்திருக்கின்றன, தலை மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு கையளவு பற்கள். தலையில்லாத ஒன்றை எப்படிச் செய்வது என்று நான் விட்டுவிடப் பார்த்தேன். அக்கா விடவில்லை. பட்டறையில் எந்த நாளாவது ஒரு முழு ஆளின் தலையை யாரும் கொண்டுவந்து தந்தார்களா, வாயளவைப் பார்த்துத்தானே முகத்தையே ஊகிப்போம் என்றார். அதன் உறவுக்கார மிருகங்களின் தலைகளை நான் எடுத்துக் கொடுக்க, அந்தப் பற்களுக்குப் பொருந்தும் தாடையை அவர் செய்தார். நிறுவனத்தின் ஆலோசகர் அதைப் பாராட்டி எழுதினார்.

ஐந்தாவது மஸியாகசோரஸ். மடகஸ்கர். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூடின நீளம், அதிலும் பாதி வால். ஒரு காலத்தில் மடகஸ்கரும் இந்தியாவும் நாங்கள் நிற்கும் இந்த நிலமும் ஒட்டியிருந்த ஒரே துண்டு. இதன் உறவுமுறைகள் இந்தியாவிலும் திரிந்திருக்கின்றன. அதன் முன்பற்கள் மேலும் கீழும் நேராக நிற்காமல், வாய்க்கு வெளியே முன்னோக்கித் துருத்திக்கொண்டு இருக்கும். படத்தைக் காட்டியபோது மற்ற நாலுக்கும் பகிடி விட்ட அக்கா இதற்கு விடவில்லை. “இத கட்டாயம் போடுங்க,” என்று மட்டும் சொன்னார்.

நிறுவனம் பட்டியலை முழுதாக ஏற்றுக்கொண்டது. ஒவ்வொன்றாகச் செய்து அனுப்பினோம்.

இதற்கிடையில் என் பல்லும் விடவில்லை. ஒரு நாள் கன்னம் வீங்கி வந்து நின்றேன். அக்கா மேசையிலிருந்து எழும்பி, ஓட்டோ பிடித்து, கொட்டாஞ்சேனையில் தனக்குத் தெரிந்த பல் வைத்தியரிடம் கொண்டுபோய் உட்கார வைத்தார். பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, படியில வச்சே சொன்னனே, அண்டைக்கே வந்திருந்தா அடைச்சிருக்கலாம் தானே என்று ஒரு வரி சொன்னார். பிறகு தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கஞ்சி தந்தார். அவருடைய கணவர் புஷ்பராஜ் அண்ணை, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர், அன்று வீட்டில் இருந்தார். எனக்குப் பேச ஏலாது என்று தெரிந்தும் என்னோடு ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதத்தில் நாலு விலங்குகளும் போய்ச் சேர்ந்து, நாலும் சரியென்று பதில் வந்துவிட்டது. மஸியாகசோரஸைக் கடைசியாகச் செய்தார். அது திரையில் சுழன்று வாயைத் திறந்தபோது எல்லோரும் வந்து பின்னால் நின்று பார்த்தோம். “அக்கே, ஹரி லஸ்ஸனய்,” என்றார் றொஹான். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. மென்மையான மூஞ்சி, சிரிப்பதுபோல ஒரு வாய். நான் கால்விரல்களை எண்ணினேன், வாலின் நீளத்தை அளந்தேன், தோலின் நிறத்தைப் பார்த்தேன். சரிபார்ப்புத் தாளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி போட்டேன். வாய் என்ற இடத்துக்கு வந்தபோது, ‘சிரிப்பு நல்லா இருக்கு’ என்று எழுதி ஒப்பமிட்டேன்.

நாலு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, மின்னஞ்சல் வந்தது. இது நாங்கள் ஏற்றுக்கொண்ட விலங்கு இல்லை. இதன் முன்பற்களை யாரோ நேராக்கியிருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமைக்குள் சரியான உருவம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வோம்.

படத்தையும் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணிருந்தும் குருடன் என்பது அன்று எனக்குத்தான் பொருத்தம். துருத்தி நிற்க வேண்டிய பற்கள் எல்லாம் உள்ளே இழுத்து, ஒரே மட்டத்தில், ஒன்றோடொன்று இடைவெளி பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. கலியாணத்துக்குச் செற் கட்டிய மாப்பிள்ளையின் வாய்போல இருந்தது. பிறிஜெற் அக்கா என் பின்னால் நின்று பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. முதலில் துருத்தித்தான் வைத்தாராம். பிறகு தோலும் உதடும் போடும்போது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, தனக்கே தெரியாமல் கை பல்லை உள்ளே தள்ளியிருக்கிறது. ஒரு பல் உயர்ந்து நின்றால் கடிக்கும்போது நோகும் என்று பதினேழு வருடம் பழகிய கை.

கார்த்திகன் அண்ணை இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

“இதைப் பாத்து ஓகே போட்டது ஆர்?”

நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார். “தம்பி சொன்னாரு, கார்த்திகன். பல்லு வெளிய வரணும்னு ரெண்டு தரம் சொன்னாரு. நான்தான் கேக்கல்ல.”

அது பொய். நான் ஒரு தரமும் சொல்லவில்லை. ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு கிழமை இருந்தது. கார்த்திகன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அன்று அந்த அறையில் நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். பின்னேரம் தண்டவாளக் கரையோரமாக நடந்து அறைக்குப் போனேன்.

மறுநாள் காலை எட்டரைக்கே போய்க் கார்த்திகன் அண்ணையின் கதவைத் தட்டினேன். அக்கா சொன்னது உண்மை இல்லை, எனக்கு முன்பல் கண்ணில் படவே இல்லை, நான் டைனோசரைப் பற்றிப் படித்ததும் ஒரே ஒரு விரிவுரைதான் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் தன் திரையை என் பக்கம் திருப்பினார். சரிபார்ப்புத் தாள் திறந்து கிடந்தது.

“‘சிரிப்பு நல்லா இருக்கு’ எண்டு எழுதிப்போட்டு ரெண்டு தரம் சொன்னனீராம்,” என்றார். “நேற்றே பாத்திட்டன். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சரி, இனி என்னத்தை அழுறது. ஆறு நாள் கிடக்கு. போய் ரெண்டு பேருமாச் செய்யுங்கோ.”

நான் அக்காவின் மேசைக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஏற்கனவே ஒரு பல்லு போயிட்டு. வேலையும் போகணுமா?”

நான் கதிரையை அவர் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் செவ்வாய் போனது, புதனும் போனது, பல் வெளியே வரவில்லை. நான் கட்டுரையைப் பிரித்து ஒவ்வொரு பல்லின் சாய்வையும் அளந்து சொல்வேன். அவர் அப்படியே வைப்பார். முதற்பல் கிட்டத்தட்டப் படுத்தே இருக்கும். பிறகு முரசு, உதடு, தோல் என்று வேலை போகப் போக, மாலையில் பார்த்தால் பல் எழும்பி நிற்கும். நான் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்லவே எழும்பியது. அக்கா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, “கை கேக்குதில்ல, டொக்டர்,” என்றார். அதற்கு முன் அவர் கண் கலங்கி நான் கண்டதில்லை. தன்னால் என் வேலை போகப்போகிறது என்ற நினைப்பு அவருக்கு. எனக்கோ, நான் பார்க்காமல் விட்டதால் அவர் வேலையும் சேர்ந்து போகப்போகிறது என்று.

வியாழக்கிழமை காலை அவர் ஒரு பழைய பிஸ்கற் ரின்னோடு வந்தார். மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே துணியில் சுற்றியிருந்தது ஒரு பிளாஸ்டர் வாய். மேல்தாடையும் கீழ்த்தாடையும். மஞ்சள் பாரித்திருந்தது. மேல் முன்பற்கள் நாலும் கூரைத் தாழ்வாரம்போல வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அடியில் பென்சிலால் ‘பி – 19’ என்று எழுதியிருந்தது.

“யாற்றை வாய் அக்கா?”

“என்ட,” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆறு மாதம் பக்கத்திலிருந்து சாப்பிட்டவன் நான். அவருடைய முன்பல் வரிசை ஒழுங்காக, அளவாக, வெள்ளையாக இருக்கும். எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஜாபிர் நானாவின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்ததாம். புதிதாக வேலைக்கு வருகிறவர் முதற்கிழமையில் தன் வாயைத்தான் வார்த்துப் பழக வேண்டும். அது அந்த வார்ப்பு. இன்னொரு வழக்கமும் உண்டு. செற் செய்து வாடிக்கையாளரிடம் கொடுத்ததும், பழைய வாயின் வார்ப்பை உடைத்துப் போட்டுவிட வேண்டும். தன் பழைய வாயை மேசையில் காண யாரும் விரும்பமாட்டார்கள் என்பது நானாவின் எண்ணம். அக்காவுக்கு இருபத்துநாலு வயதில் கலியாணம் பேசிவந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடம், பெண்ணின் பல்லைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போயிருந்தது. அம்மா ஒரே பிடியாக நின்றார். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரும் நாளுக்கு ஒரு மாதம் முன்னால் முன்பல் நாலையும் பிடுங்கி, தானே தன் கையால் செற் செய்து போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இந்த வார்ப்பை உடைக்க வேண்டும். சுத்தியலும் எடுத்தாராம். கை போகவில்லை. ரின்னில் போட்டு அலுமாரிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

இவ்வளவையும் அவர் கணினி திறந்துகொண்டிருக்கும்போதே, அலுவல் கதைப்பதுபோலச் சொன்னார். நான்தான் கேட்டேன், புஷ்பராஜ் அண்ணைக்குத் தெரியுமா என்று. அக்கா அப்போது சிரித்தார்.

“கலியாணம் முடிஞ்சு ஒரு மாசம் அதப்பத்தி ஒண்டும் பேசல்ல. பிறகு கேட்டாரு, நீ கொச்சிக்கடைக் கோயில் பெருநாள்ல மெழுகுதிரி வித்த பக்கம் நிண்ட பிள்ளதானே, அந்தப் பல்லு எங்கன்னு. அந்தப் பல்லப் பாத்துத்தானாம் மனுஷன் வீட்டுல கேக்கச் சொன்னது.” வார்ப்பைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நான் ரெண்டு நாள் அழுதேன்.”

பட்டறையில் பழைய வாயின் வார்ப்பு எப்போதும் இடப்பக்கம் இருக்கும். எதை மாற்ற வேண்டும் என்று பார்ப்பதற்கு மட்டும் அதைத் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று அக்கா தன் வார்ப்பைத் திரைக்கு நேர் முன்னால், கண் மட்டத்துக்கு, இரண்டு புத்தகத்தின்மேல் வைத்தார். “இத நான் ஒரு தரம் நேராக்கிட்டேன். இனி நேராக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

கை உள்ளே தள்ளப் பார்க்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து அந்தப் பிளாஸ்டரைப் பார்ப்பார். சில நேரம் கணினி எலியை விட்டுவிட்டு அதை விரலால் தடவுவார். நான் பக்கத்திலிருந்து சாய்வுகளைச் சொன்னேன், இம்முறை ஒவ்வொரு பல்லாகப் பார்த்துத்தான் சொன்னேன். வார்ப்பில் மேற்பல்தான் நீட்டியிருந்தது, இந்த விலங்குக்குக் கீழ்ப்பல்லும் அப்படியே, அதிலும் கீழே முதற்பல்தான் எல்லாவற்றிலும் கூடுதலாகப் படுத்திருக்கும். ஆகவே வார்ப்பை அப்படியே எடுக்க முடியாது. அது கைக்கு ஒரு காவல், அவ்வளவுதான். பல்லுக்கு ஏற்ற உதடு எப்படிப் பின்வாங்கும், வாய் மூடும்போது எந்தப் பல் வெளியே தெரியும் என்பதற்கெல்லாம் அவருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்படவில்லை. இருபத்துநாலு வயதுவரை கண்ணாடியில் பார்த்தது போதும் என்றார்.

சனிக்கிழமையும் வந்தோம். தேவாலயப் பூசையை முடித்துக்கொண்டு ஞாயிறு மத்தியானமும் அக்கா வந்தார். றொஹான் கேட்காமலே வந்து உட்கார்ந்து, குளத்தில் தலையை விட்டு மீன் கவ்வும் அசைவைச் செய்தார். துருத்திய பல் தூண்டில்போல மீனைக் குத்தி எடுத்தது. இம்முறை யாரும் அழகு என்று சொல்லவில்லை. “தென் ஹரி,” என்றார் றொஹான், இப்போது சரி என்று. நான் தாளில் வாய் என்ற இடத்தில் பற்களை ஒவ்வொன்றாக எண்ணி, சாய்வு எழுதி, ஒப்பமிட்டு, அன்றிரவே அனுப்பினேன்.

புதன்கிழமை பதில் வந்தது. இதுதான் அந்த விலங்கு என்று ஆலோசகர் எழுதியிருந்தார். ஐந்தும் ஏற்கப்பட்டன. கார்த்திகன் அண்ணை மின்னஞ்சலைச் சத்தமாக வாசித்துவிட்டு, கீழே கடைக்கு ஆளனுப்பி எல்லோருக்கும் பற்றீஸ் எடுப்பித்தார். அக்கா எனக்கு ஒன்றை நீட்டினார்.

“இனி ரெண்டு பக்கத்தாலயும் சாப்பிடலாம் தானே, டொக்டர்.”

எனக்கு வேலை நிரந்தரமானது என்று அம்மா கோயிலில் பொங்கினார். அந்தப் பொங்கலில் பாதி பிறிஜெற் அக்காவுக்குச் சேர வேண்டியது என்று தொலைபேசியில் சொன்னேன். அம்மாவுக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு பை முழுக்கப் பயறும் ஒரு போத்தல் தேனும் கொழும்புக்கு வந்தன, ‘பல்லுக்கார அக்காவுக்கு’ என்று தாளில் எழுதி. பல்கலைக்கழகம் எனக்குத் தந்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் அந்தப் படியிலேயே ஏறியிருக்கமாட்டேன். ஏறின பிறகு விழாமல் பிடித்தது ஒரு கொட்டாஞ்சேனைப் பெண்ணின் கை. அவருக்கு நான் இன்னும் வாயால் நன்றி சொன்னதில்லை. சொன்னால் பல்லைப் பார்ப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

பிறிஜெற் அக்காவுக்கு இப்போது நாற்பத்துமூன்று வயது. கொட்டாஞ்சேனையில் அதே வீட்டில் புஷ்பராஜ் அண்ணையோடு இருக்கிறார். காலையில் பஸ்ஸில் கோட்டைக்கு வந்து, கரையோர ரயிலில் வெள்ளவத்தையில் இறங்கி, எட்டரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். இந்த மாதம் அவர் செய்வது இன்ஸிஸிவோசோரஸ் என்ற, எலிபோல முன்பல் நீண்ட ஒரு சின்ன மிருகம். பிளாஸ்டர் வார்ப்பு இப்போது ரின்னில் இல்லை, அவருடைய திரைக்கு முன்னால் இருக்கிறது.